செவலை காத்த வாசல்

செண்பகனூரில் டாக்டர் தமிழ்மதி போர்டு மாட்டிய நாளிலிருந்து தெருவுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஊசி போடுகிற மாட்டு டாக்டர் என்றால் புரியும். இவர் மிருகங்களின் நடத்தையைப் பற்றித் தனியாகப் படித்தவராம்.

"நாய்கிட்ட என்னத்தங்க கேப்பீங்க, கெட்ட கனவு வருதான்னா?" என்று எதிர்வீட்டு ராஜகுமாரி நேரிலேயே கேட்டாள்.

"கேட்டா சொல்லாதுங்க. பாத்துக்கிட்டே இருக்கணும்."

பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு படிப்பா, அப்படியென்றால் நானும் பெரிய டாக்டர்தான் என்று பஸ் ஸ்டாப் வரை சொல்லிச் சிரித்தாள் ராஜகுமாரி. அதில் பொய்யும் இல்லை.

மலைக்கிராமமான பேத்துப்பாறையில் சின்னத்தாயியின் நாய் செவலை ஆளைக் கடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். அவள் புருஷன் நல்லுசாமி வளர்த்த நாய். பீன்ஸ் மூட்டையோடு மலையிறங்கிச் சந்தைக்குப் போன மனுஷன் அங்கேயே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்து, பிணமாகத்தான் மலையேறினார். அதற்கப்புறம் செவலை வருகிறவரை வாலாட்டி உள்ளே விடும். கிளம்புகிறவரைத்தான் கவ்வும். கட்டிப்போட்டால் கழுத்து புண்ணாகும் வரை சங்கிலியை இழுக்கும்.

"எழவுக்கு ஊரே வந்துட்டுப் போச்சுங்க டாக்டரம்மா. ஒருத்தரையும் தொடல. காரியம் முடிஞ்ச பொறவுதான் இதுக்கு என்னமோ புடிச்சிருச்சு" என்றாள் சின்னத்தாயி.

தமிழ்மதி முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தார். கூடை எடுக்க வந்த ஆள் பேசாமல் போனான்; செவலை படுத்தே கிடந்தது. பக்கத்து வீட்டு வடிவு டீயைக் குடித்துவிட்டு எழுந்து, "சரி மதினி, வாரேன்" என்றாள். வாய் மூடவில்லை, சேலை நாயின் பல்லில்.

எழவு வீட்டில் யாரும் வாரேன் என்று சொல்லிக் கிளம்புவதில்லை. தமிழ்மதிக்கு விளங்கிவிட்டது.

"அண்ணன் கடைசியா கெளம்பையில என்ன சொன்னாரு, அக்கா?"

"வேற என்ன சொல்வாங்க. வாரேன்னுதான்." சின்னத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வைத்தியம். தமிழ்மதி வாரேன் என்று சொல்லி வாசலைத் தாண்டுவார், உடனே திரும்பி வருவார். மறுபடி தாண்டுவார், வருவார். ஊர் வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தது. சொன்னவர்கள் திரும்பி வருவார்கள் என்று செவலை நம்பத் தொடங்கியது. பாயாமல் தலையை மட்டும் தூக்கியது. முழுக்கத் தேறும்வரை வீட்டார் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்றார் டாக்டர்.

சின்னத்தாயியின் முகம் மாறியது. மகன் பிரசாந்த் காய் லோடு லாரி ஓட்டித் தினமும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்குகிறவன்.

"மலையெறங்குற புள்ளைய போறேன்னு சொல்லச் சொல்றீங்களா? இல்ல, எழவு வீட்டுலருந்து போற மாதிரி வாயப் பொத்திக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

தமிழ்மதியே தன் அம்மாவிடம் ஒரு நாளும் போறேன் என்று சொன்னதில்லை. செவலையைச் செண்பகனூருக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். ஒரு வாய் சோறு தொடாமல் கேட்டில் மூக்கை வைத்துக் கிடந்தது. பட்டினியில் செத்துவிடும் என்று திருப்பி விட்டார்.

அந்த வாரமே பிரசாந்த் வாரேம்மா என்றான். இந்த முறை செவலையின் பல்லில் குதிகால் நரம்பே போயிற்று. பிரேக் மிதிக்கிற கால்.

"நீங்களே முடிச்சு விட்ருங்க" என்றாள் சின்னத்தாயி. "வேற யாரும் அத அடிச்சுக் கொல்ல வேணாம்."

ஊசி ஏறும்போது செவலை டாக்டர் மடியில்தான் தலை வைத்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவருக்குப் பழக்கத்தில் 'வா' வரை வந்துவிட்டது. மிச்சத்தை விழுங்கிக்கொண்டு படியிறங்கினார். யாரும் பிடிக்கவில்லை.

செண்பகனூரில் ராஜகுமாரி காத்திருந்தாள். "என்னங்க, பேத்துப்பாறை நாய்க்குக் குணமாயிருச்சா?"

"கடிக்கிறத நிறுத்திருச்சுங்க."

ராஜகுமாரி அந்த முகத்தைப் பார்த்தாள். வாரேன் என்றுகூடச் சொல்லாமல் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.