குபியாக் குடும்பம் எழுந்திருக்கவில்லை

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு மாதா கோயில் கூடத்துக்குப் போனால், நான் தட்டைக் கையில் வாங்குவதற்குள் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "ஏன் லொரெய்ன், டாக்டரே வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டும் நீங்க ஒருத்தரும் எந்திரிக்கலையாமே? மேட்ச் பாத்துட்டு இருந்தீங்களாமே?" அப்புறம் ஒரு சிரிப்பு. சிரிக்கட்டும். காலமெல்லாம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள் நான். முதுகுக்குப் பின்னால் இதைவிட மோசமாகவெல்லாம் கேட்டிருக்கிறேன். ஆனாலும் நடந்ததை நடந்தபடி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அதற்கு மேலும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி நார்பர்ட்டுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. கோடையிலேயே மூச்சு வாங்கியது. "வயசாகுதில்ல" என்று சமாளித்துக்கொண்டு திரிந்தான். இலை பழுக்கும் நேரத்தில் வீட்டுப் படியே ஏற முடியவில்லை. ஹத்தாத் என்கிற டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டுப் பட்டென்று சொல்லிவிட்டார். மார்பைத் திறந்துதான் ஆக வேண்டும், அதில் உயிருக்கு ஆபத்து உண்டு, செய்யாமல் விட்டால் கிறிஸ்துமஸ் பார்ப்பது சந்தேகம். அதையெல்லாம் நார்பர்ட் கல்லு மாதிரி உட்கார்ந்து கேட்டான். அவர் தேதியைச் சொன்னதும்தான் அவன் முகம் செத்துப்போனது.

"சாயங்காலமா வச்சுக்க முடியாதா டாக்டர்?"

"ஏன், காலையில என்ன வேலை?"

"வேலை இல்ல. சிகாகோவோட அஞ்சாவது மேட்ச் வந்தா அன்னிக்கு மத்தியானம்தான் இருக்கும்."

அவன் மனைவி மார்லிஸ் கைப்பையாலேயே அவன் தோளில் ஒன்று போட்டாள்.

மார்லிஸ் அயோவாக்காரி. பேஸ்பால் என்றால் தடியால் பந்தை அடிப்பது, அதற்கு மேல் அவளுக்கு வேண்டாம். எங்கள் வீட்டு நாற்காலிச் சட்டத்தைப் பார்த்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தலையில் அடித்துக்கொள்பவள். சட்டம் இதுதான்: அக்டோபரில் வரும் கடைசிக் கட்ட ஆட்டங்களில் எங்கள் ஊர் அணி ஓட்டம் எடுக்கும் நேரத்தில் நீ எங்கே இருக்கிறாயோ, ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். நகர்ந்தால் போச்சு. பக்கத்து வீட்டு எர்வின் ஒரு வருஷம் சமையலறை வாசலில் சாசேஜ் தட்டோடு நின்றபோது நாங்கள் ஜெயித்துத் தொலைத்தோம். அன்றிலிருந்து பாவம், மூட்டு வலியோடு அந்த வாசலிலேயே நின்று ஆட்டம் பார்க்கிறான். "எர்வின், நீங்களாவது உக்காருங்க, இந்தக் குடும்பத்துக்குத்தான் மறை கழண்டு போச்சு" என்பாள் மார்லிஸ். அவன் உட்கார மாட்டான்.

சிகாகோவும் நாங்களும் ஆளுக்கு இரண்டு ஜெயித்து, ஐந்தாவது ஆட்டம் வந்தே விட்டது. ஜெயித்தவன் மேலே போவான், தோற்றவன் வீட்டுக்குப் போவான். நார்பர்ட்டைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்தான். கை ஜில்லென்று இருந்தது.

"அக்கா, யாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காராதீங்க. மேட்ச் பாருங்க. நான் முழிச்சதும் ஒண்ணு விடாம சொல்லணும்."

"நீ முதல்ல முழி, அப்புறம் பேசலாம்" என்றேன். அவனை வளர்த்ததில் பாதி நான்.

காத்திருக்கும் அறையில் தொலைக்காட்சியில் யாரோ கேக்குக்குச் சர்க்கரை பூசிக்கொண்டிருந்தார்கள். எங்களோடு வந்திருந்த எர்வின் போய் வரவேற்பு மேசையில் இருந்த நர்ஸிடம் கெஞ்சி ஆட்டத்தைப் போட வைத்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த கிரிங்கிளை, பெக்கான் பருப்பு வைத்துச் சுட்ட வளையக் கேக்கை, துண்டு போட்டு எல்லோருக்கும் நீட்டினேன். எதிர் வரிசையில் ஒருத்தர் தனியாக உட்கார்ந்திருந்தார், தலையில் சிகாகோ தொப்பி. கெனோஷாக்காரராம், பெயர் க்ளைட். அந்த ஊர் சிகாகோவுக்குக் கிட்டே, பாதிப் பேர் அவர்கள் அணிக்குத்தான் கைதட்டுவார்கள். மனைவிக்கு மூளையில் கட்டி, அவளும் உள்ளே இருக்கிறாள் என்றார்.

"தொப்பியைக் கழட்டினாத்தான் கேக்கு" என்றான் எர்வின்.

"கேக்கு வேணாம்" என்றார் க்ளைட்.

நான் எர்வினை முறைத்துவிட்டு, பெரிய துண்டாகப் பார்த்து அவர் கையில் வைத்தேன்.

ஆட்டம் ஆரம்பத்திலேயே நாறியது. எங்கள் ஆள் எறிந்த பந்தையெல்லாம் சிகாகோக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் அவர்களுக்கு மூன்று, எங்களுக்கு முட்டை. க்ளைட் கைதட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் மேசைத் தொலைபேசியைத்தான் பார்த்தார். உள்ளே நடப்பதை அதில்தான் சொல்லுவார்கள். எங்களுக்கும் ஒரு தடவை சொன்னார்கள்: மார்பைத் திறந்தாயிற்று, இதயத்தை நிறுத்தி இயந்திரத்தில் போட்டாயிற்று. மார்லிஸ் அதைக் கேட்டுவிட்டு, மடியில் இருந்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில், அரங்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று பாடுகிற இடம் வந்தது. பழக்க தோஷம், நானும் எர்வினும் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் எழுந்து நின்றோம். க்ளைட்டும் நின்றார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. நர்ஸ் கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ரத்தம் கொஞ்சம் நிக்க மாட்டேங்குதாம். பாத்துட்டு இருக்காங்க. நேரமாகும்."

கொஞ்சம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் கொஞ்சமா? பஸ் ஓட்டியவளுக்கு அந்தக் குரல் தெரியும். பிரேக் சரியாகப் பிடிக்காத பஸ்ஸைக் கொடுத்துவிட்டு, பட்டறைக்காரன் அப்படித்தான் பேசுவான்.

மார்லிஸ் எழுந்து, மேசையை ஒட்டி இருந்த பச்சை நாற்காலிக்குப் போனாள். தொலைபேசி அடித்தால் முதலில் கேட்கலாம் என்று. பாட்டு முடிந்து நான் உட்கார்ந்தேன், எர்வின் சுவரோரம் நின்றுகொண்டான், எங்கள் ஆட்கள் மட்டையை எடுத்தார்கள். அவள் உட்கார்ந்தாளோ இல்லையோ, ஒருத்தன் அடித்தான், இன்னொருத்தன் அடித்தான், மூன்றாமவன் அடித்ததில் இரண்டு பேர் சுற்றி ஓடி வந்து இரண்டு ஓட்டம் சேர்த்தார்கள். மூன்றுக்கு இரண்டு! எர்வின் கத்த வாயைத் திறந்தான். தொலைபேசி மறுபடி அடித்தது. நர்ஸ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ரத்தம் நின்றுவிட்டது.

பிறகு எர்வின் மெல்ல, கோயிலில் பேசுகிற மாதிரி சொன்னான்: "மார்லிஸ். அசையாதே."

எப்போதும் போலத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நாற்காலியின் கைகள் இரண்டையும் விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நகரல" என்றாள். "நீங்களும் யாரும் நகராதீங்க."

அதற்குப் பிறகு அந்த அறையில் எல்லோரும் மூச்சைக்கூட அளந்துதான் விட்டோம். மார்லிஸ் தண்ணீர் குடிக்கவில்லை, கழிப்பறைக்குப் போகவில்லை. கால் மரத்துப்போச்சு என்று முனகினாள், ஆனால் காலை மாற்றி வைக்கவில்லை. எங்கள் நாற்காலிச் சட்டத்தைப் பார்த்து இத்தனை காலம் சிரித்தவள், அன்று எங்கள் எல்லோரையும்விடக் கெட்டியாக அதை நம்பினாள். என்னைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு அரங்கமும் தெரியவில்லை, ஆட்டமும் தெரியவில்லை. இவள் எழுந்தால் என் தம்பி போய்விடுவான் என்று என் முட்டாள் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பேஸ்பால் பார்க்கிறவர்களுக்கு மட்டும் பிடிக்கிற பைத்தியம் இது. வேறு யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி. ஒரு ஓட்டம் பின்னால் இருக்கிறோம். இரண்டு பேர் அவுட், ஆனால் மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு நல்ல அடி, ஆட்டம் எங்களுடையது. ஓர் அவுட், வருஷமே முடிந்தது. அந்த நேரத்தில்தான் இரட்டைக் கதவு திறந்தது. பச்சை உடுப்பும் தலையில் துணியுமாக டாக்டர் ஹத்தாத் வந்து நின்றார்.

"குபியாக் குடும்பம்?"

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

ஆமாம், ஒருத்தரும்! என் கால் எழவே இல்லை. எர்வின் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். மார்லிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"குபியாக்? நார்பர்ட் குபியாக் வீட்டுக்காரங்க யாரும் இல்லையா?"

"ஏங்க, உங்களைத்தாங்க கூப்பிடுறாங்க!" என்று க்ளைட் பதறினார்.

"தெரியுது, சும்மா உக்காருங்க!" என்று அவர்மேல் பாய்ந்தேன். ஐயோ, அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்.

டாக்டர் எங்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். அவரும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். நேராக மார்லிஸிடம் வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"பொழச்சுட்டாரும்மா. நல்லா இருக்கார். புது வால்வு நல்லா வேலை செய்யுது, இதயம் தானாவே துடிக்குது."

மார்லிஸ் கண்ணைத் திறந்தாள். "நான் எந்திரிச்சா ஒண்ணும் ஆகாதே?"

வேறு டாக்டராக இருந்தால் சிரித்திருப்பார். இவர் சிரிக்கவில்லை. "ஆகாது. நான் சொல்றேன், எந்திரிங்க."

மார்லிஸ் எழுந்தாள். மரத்துப்போன கால் மடங்க, டாக்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதே நொடியில் திரையில் மட்டை பந்தில் பட்ட சத்தம் கேட்டது. பந்து மேலே போனது, இன்னும் மேலே போனது. எர்வின் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். அரங்கத்து மதில் ஓரத்தில் சிகாகோக்காரன் ஒருத்தன் குதித்து அதைப் பிடித்துவிட்டான்.

முடிந்தது. அந்த வருஷம் அவ்வளவுதான்.

எல்லோரும் திரும்பி மார்லிஸைப் பார்த்தோம். பார்க்கக் கூடாதுதான், ஆனால் பார்த்துவிட்டோம். அவளுக்கும் உறைத்தது. "நான் எந்திரிச்சதாலயா?" என்றாள் சின்னக் குரலில்.

எர்வின் யாரையும் மன்னிப்பவன் இல்லை. அரை இறுதியில் தும்மிய குற்றத்துக்காகச் சொந்த மச்சானோடு பேசாமல் இருப்பவன். அவன் நொண்டி நொண்டி வந்து அவள் தலையில் கை வைத்தான்.

"ஆமா தாயி, உன்னாலதான்" என்றான். "நல்ல காரியம் பண்ணினே." சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். பிறகு நானும் அழுதேன், நர்ஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆண்டவனே, தோற்றுப்போய்விட்டு அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் அழுததே இல்லை.

க்ளைட் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் அணி ஜெயித்திருந்தது. தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்லிஸ் அவரிடம் போனாள்.

"அந்தப் பச்சை நாற்காலியில வந்து உக்காருங்க."

"இதெல்லாம் நான் நம்பறதில்லம்மா."

"நானும்தான் நம்பினதில்ல. எந்திரிச்சு வாங்க."

வந்து உட்கார்ந்தார். மார்லிஸ் தன் கணவனைப் பார்க்க உள்ளே போனாள். நானும் எர்வினும் க்ளைட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, மீதி கிரிங்கிளைத் தின்றுகொண்டு, கடைசிப் பந்தைப் பிடித்த அந்தப் பையனைக் கண்டபடி ஏசினோம். "நல்லாத்தான் பிடிச்சான்" என்று முதல் தடவையாகச் சிரித்தார் க்ளைட். அவர் மனைவிக்குக் கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வரும்வரை நாங்கள் அங்கிருந்து நகரவில்லை.

மறுநாள் நார்பர்ட்டின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்தார்கள். முகம் மெழுகாக இருந்தது. உதட்டை நனைத்துவிட்டு அவன் கேட்ட முதல் வார்த்தை, "ஸ்கோர்?"

நான் எர்வினைப் பார்த்தேன், எர்வின் ஜன்னலைப் பார்த்தான். மார்லிஸ்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், பச்சை நாற்காலி முதல் கடைசிப் பந்துவரை. "கடைசியில நான் எந்திரிச்சுட்டேன், நார்பர்ட். கெடுத்துட்டேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். தையல் இழுத்து முகம் சுளித்தது. வார்த்தை வார்த்தையாக மூச்சு வாங்கிச் சொன்னான்: "அடுத்த வருஷம்... உன்னை அந்த நாற்காலியோடயே சேத்துக் கட்டிடறேன்."

அடுத்த வருஷம்! எங்கள் ஊரில் ஒவ்வொரு அக்டோபரிலும் தோற்றுவிட்டு எல்லோரும் சொல்வதுதான். பாரில், பேக்கரியில், கோயில் வாசலில், நானே ஆயிரம் தடவை எரிச்சலோடு சொல்லியிருக்கிறேன். முந்தின நாள் அந்த அறையில் அவனுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று உண்டா என்றே எங்களுக்குத் தெரியாது. இப்போது அவன் வாயால், அவன் மூச்சால் கேட்கிறேன். அந்த டாக்டரம்மாவுக்கும், தொலைபேசி எடுத்த நர்ஸுக்கும், கடவுளுக்கும், ஏன், பந்தைப் பிடித்த அந்தச் சிகாகோப் பையனுக்கும்கூட நன்றி சொன்னேன்.

மார்லிஸ் அவன் கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கட்டு" என்றாள். "நல்லா இறுக்கிக் கட்டு."