மூன்றாவது தடவை

தங்கதுரை சார் மூன்றாவது தடவையாகச் செல்போனை அழுத்தினார். கரும்பலகைக்கு மேலே ஆணியில் தொங்கிய ஸ்பீக்கர் பெட்டி மூச்சுவிடவில்லை. சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு வந்தவர்களைப் போல எட்டாம் வகுப்பு அதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பொதுவாகவே அவருடைய கருவிகள் வேலை செய்யாத நேரங்களில்தான் அந்த வகுப்பு ஒழுங்காக இருக்கும்.

சாருக்குச் சொந்த ஊர் ஏரல். பலசரக்குக் கடைக் குடும்பம். இந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழாசிரியராக வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆசிரியர்களுக்கென்று இணையத்தில் எந்தப் பயிற்சி நடந்தாலும் சேர்ந்துவிடுவார். அவர்கள் அனுப்பும் சான்றிதழ்களை லேமினேட் செய்து வைப்பார். வினாடி வினா நடத்தும் செயலி, பெயரைச் சொன்னால் படம் போடும் செயலி, பதில் சொன்ன பிள்ளைக்குக் கைதட்டும் செயலி என்று வாரம் ஒன்று வகுப்புக்குள் வரும். மற்ற ஆசிரியர்கள் அவருக்கு 'ஆப் சார்' என்று பேர் வைத்திருந்தார்கள். அதில் கேலி இருப்பது அவருக்குத் தெரியும். அடியில் கொஞ்சம் மரியாதையும் கிடக்கும் என்று நம்பினார்.

அன்றைக்குப் பாடம், அறிவிப்பு எழுதுதல். புத்தகத்தில் நூலகத் திறப்பு விழாவுக்கு மாதிரி இருந்தது. உங்கள் ஊர் விஷயமாக எழுதுங்கள் என்றார் சார். வகுப்புத் தலைவி ஜெர்லின் எழுதியதுதான் நன்றாக இருந்தது. அவள் அப்பாவுக்குச் சொந்த வள்ளம் உண்டு. 'மீனவர்களின் கவனத்திற்கு. பலத்த சூறைக்காற்று வீசக்கூடும். இன்று யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம். சென்றவர்கள் உடனே கரை திரும்பவும்.' ஓர் எழுத்துப்பிழை இல்லை. பூரித்துப்போன சார், எழுதியதைப் பேசிக்காட்டும் புதுச் செயலியில் அதை ஏற்றினார். செயலி பல குரல்களைக் காட்டியது. அரசாங்கமே செருமிக்கொண்டு பேசுவதுபோல இருந்த ஆண்குரலைத் தேர்ந்தெடுத்தார்.

அழுத்தினார். சத்தமில்லை. காத்திருந்து மறுபடி அழுத்தினார். இது மூன்றாவது.

ஜன்னலோரம் இருந்த ஜெர்லின் எழுந்து நின்றாள். "சார், அது கோயில்ல பாடுது."

பள்ளிக்கூடத்துக்கும் மாதா கோயிலுக்கும் நடுவே ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், ஆம்ப்ளிஃபயரை எந்நேரமும் அணைக்காமல் வைத்திருக்கும் மைக் அறை. சுதந்திர தினத்துக்குக் கோயில் ஆம்ப்ளிஃபயரைத்தான் இரவல் வாங்கி, சார் தன்னுடைய செல்போனிலிருந்து புளூடூத்தில் தேசபக்திப் பாடல்களை ஒலிக்க விட்டிருந்தார். இன்றைக்கு வகுப்புப் பெட்டியில் சார்ஜ் இல்லை. செல்போன், நல்ல மாணவனைப் போல, பழைய பாடத்தை மறக்காமல் வைத்திருந்து கோயிலோடு போய் ஒட்டிக்கொண்டது. புரொஜெக்டருக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கோபுரத்துக் குழாய்கள் கடலைப் பார்த்து இருந்தன. மேற்கேயிருந்து வீசிய கச்சான்காற்றும் சத்தத்தையெல்லாம் அள்ளிக் கடல் பக்கமே கொண்டுபோனது.

அந்தக் குழாய்களுக்கு ஊரில் ஒரு முறை உண்டு. சாவி தொலைந்தது, ரேஷனில் சீனி வந்தது என்றால் ஒரு தடவை சொல்வார்கள். யாராவது இறந்தால் இரண்டு தடவை. கடல் சமாச்சாரம் என்றால் மூன்று தடவை. மூன்று தடவை சொல்லிவிட்டால் யாரும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை. பள்ளி விட்டதும் முதல் பஸ்ஸில் ஏரலுக்கு ஏறிவிடுகிற சாருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஜெர்லின்தான் அப்போது சொன்னாள்.

ஜன்னலைத் திறந்தபோது, ஐஸ் ஏற்றிப் புறப்படத் தயாராக நின்ற வள்ளங்களை மணலில் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் போய்விட்டவை திரும்பிக்கொண்டிருந்தன. சுவரைத் தாண்டிக் குதித்தால் கோயில். தவறுதலாக வந்த அறிவிப்பு என்று மைக்கில் ஒரு தடவை சொன்னால் போதும். சார் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டார். பிறகு, பாடப்புத்தகத்தை எடுங்கள் என்றார். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டுப் பழக்கமில்லாததால் பிள்ளைகள் கொஞ்சம் குழம்பினார்கள்.

சூறைக்காற்று வரவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து ஊர் வள்ளங்கள் சீலா மீனோடு கரையேறின. இந்த ஊர்ப் பெண்கள் குழம்புக்கு மீன் வாங்கப் பக்கத்து ஊர்க் கரைக்குப் போனார்கள். நஷ்டத்தைவிட அதுதான் ஆண்களுக்குப் பொறுக்கவில்லை. மீன்துறை ஆபீசில் கேட்டால், நாங்கள் எந்த எச்சரிக்கையும் அனுப்பவில்லை என்றார்கள். அப்படியானால் மைக் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது? மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சாவியை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரியும் கோயில்பிள்ளை சூசையிடம். சூசை ஒரு காலத்தில் குடித்தவர். விட்டு வெகுகாலம் ஆகிறது. மறுபடி ஆரம்பித்துவிட்டான், போதையில் எப்போதோ பதிந்ததைப் போட்டுவிட்டான் என்று ஊர் முடிவு செய்தது. சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம் கூட்டிச் சாவியை வாங்கிவிடுவது என்று பேச்சு.

மதியம், சார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது சூசை ஆசிரியர் அறை வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"சார், ஒரு சந்தேகம். இந்த மிசினு, ஆள் தொடாம தானா பேசுமா?"

சார் ஏற்கெனவே பிசைந்திருந்த சோற்றை மறுபடி பிசைந்தார்.

"சில நேரம் நெட்வொர்க்ல பழைய ஃபைல் எதாவது ஓடிரும் அண்ணாச்சி. உறுதியா சொல்ல முடியாது."

பயிற்சிகளில் கற்ற சொற்கள் ஆபத்துக்கு உதவின.

"அப்பம் நாந்தான் எதையோ தட்டிருப்பேன்" என்றார் சூசை. "குடிச்சிட்டேன்னு சொல்லுதாவ சார். பெத்த மவளே வாயை மோந்து பாத்துட்டா. நான் தொடல. ஆனா இம்புட்டு பேரு சொல்லும்போது எனக்கே லேசா சந்தேகம் வருது." போகத் திரும்பினார். "நீங்க படிச்சவுக. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போகும்போது, சாப்பிடுகிற நேரத்தில் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சார் டப்பாவை மூடினார்.

கடைசிப் பாடவேளை எட்டாம் வகுப்பு. இந்நேரம் பிள்ளைகள் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள், எப்போது கதவு தட்டப்படுமோ என்று இருந்தார். ஜெர்லின் மேசையருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பயப்படாதீங்க சார். எல்லாருட்டயும் மாதா மேல சத்தியம் வாங்கிட்டேன். ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

"உங்க அப்பாட்ட?"

"சொல்லல சார். அப்பாதான் சூசை தாத்தாவ ரொம்ப ஏசுனாவ."

சார் வகுப்பைப் பார்த்தார். ஒரு பாடவேளை முழுக்கச் சேர்ந்தாற்போல வாயை மூடியிருக்கத் தெரியாத பிள்ளைகள். அவருக்காக ஊரையே ஏமாற்றிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பாசமாக உட்கார்ந்திருந்தார்கள். எந்தச் செயலியாலும் அவரால் இப்படி ஓர் ஒழுக்கத்தைக் கொண்டுவர முடிந்ததில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

"சார், இன்னைக்கு எந்த ஆப்பு?"

அன்றைக்கு ஏரல் பஸ் அவர் இல்லாமல் போனது.

கோயில் முன்னால் ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். சூசை மைக்கைத் துடைத்து, வயரைக் காலில் தட்டாமல் ஒதுக்கிக்கொண்டிருந்தார். எந்தக் கூட்டமானாலும் மைக் வைப்பது அவர் வேலை. தன்னை விலக்கும் கூட்டத்துக்கும் ஒழுங்காகவே வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்த சாரைப் பார்த்து, பஸ்ஸை விட்டுட்டியளா என்று ஒருவர் கேட்டார். சூசையின் முகம் தெளிந்தது.

"சார் வாராவ. மிசினப் பத்தி சார் சொல்லுவாவ" என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, மைக்கை அவர் உயரத்துக்கு ஏற்றித் திருகி, தள்ளி நின்றார்.

பள்ளிக்கூடச் சுவர் மேல் ஜெர்லினும் மற்றப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். முன்வரிசையில் அவள் அப்பா கைகட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சார் மைக் முன்னால் வந்து நின்றார். செருமினார். செருமல் கோபுரத்துக் குழாய்களில் ஏறிக் கரை நெடுக ஓடியது. தூரத்தில் வலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தி, கோபுரத்தைப் பார்த்துத் தலையைத் தூக்கினார்கள். எத்தனை தடவை வரும் என்று எண்ணுவதற்காகக் காத்திருந்தார்கள்.