ஜோடி உடைந்த ஸ்பிரிங்

என் வீட்டுக்காரர் கராஜ் கதவு மெக்கானிக். தெருவில் அவருக்குக் கதவுக்காரர் என்றுதான் பேர். யார் வீட்டுக் கதவு பாதியில் நின்றாலும், முனகினாலும், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல ஓடுவார். எங்கள் வீட்டுக் கதவு முனகினால் மட்டும், "அது அப்படித்தான் பேசும், விடு" என்பார். ஊருக்குத்தான் உபதேசம். இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

கராஜை ஒட்டிய அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். பள்ளிச் சீருடை தைக்கிறேன். நடுவில் ஒரு சுவர்தான். கதவு ஏறுவதும் இறங்குவதும் என் காதுக்குள்ளேயே நடப்பதுபோல இருக்கும். போன மாதம் ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். கதவு மூடித்தான் இருந்தது. அதற்கு மேலே குறுக்குத் தண்டில் கோத்திருந்த இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று துண்டாகி, நடுவில் கையகல இடைவெளி விட்டுக் கிடந்தது.

சாயங்காலம் அவர் வந்து பார்த்தார். பதறவே இல்லை. "ஆயுசு முடிஞ்சுது" என்றார். வேனிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து வந்து மாட்டினார். இரண்டு இரும்புக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி அதற்கு முறுக்கேற்றினார், எண்ணெய் விட்டார், கையைத் துடைத்துக்கொண்டார். சாப்பாடு ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை போன வாரம் போய்விட்டது. அன்று அவருக்கு விடுமுறை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி யாரோ ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தார். உடைந்ததை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டார் அந்த மனிதர்.

"போதாதுங்க," என்றார் இவர். "ரெண்டும் ஒரே நாள்ல மாட்டினது. ஒரே அளவு உழைச்சிருக்கு. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் பின்னாலயே போகும். உடையலையேன்னு அதை நம்பாதீங்க. ஜோடியாத்தான் மாத்தணும்."

"அப்ப அந்த உடையாத ஒண்ணு?"

"அதை நாங்களே கழட்டி எடுத்துட்டுப் போயிடுவோம்."

எங்கே எடுத்துக்கொண்டு போவார்? கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். எங்கள் கதவில் அவர் மாட்டிய ஸ்பிரிங்கில் புதுசின் மினுமினுப்பே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் போனை வைக்கும்வரை பொறுத்திருந்ததே பெரிய விஷயம்.

"நம்ம கதவுக்கு மாட்டினீங்களே, அது எங்க இருந்து வந்தது?"

"ஒரு வீட்ல கழட்டினது. நல்ல இரும்பு. நம்ம அளவுக்குச் சரியா இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல."

"பின்னாலயே போகும்னு இப்பதானே சொன்னீங்க?"

"அது கஸ்டமருக்குச் சொல்றது. நான் இதிலயே ஊறினவன். எனக்குத் தெரியாதா?"

ஜோடியைப் பறிகொடுத்த இரண்டு கிழட்டு ஸ்பிரிங்குகள் என் தலைக்கு மேலே கூட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. இந்த உலகத்தில் ஒரு கதவு மெக்கானிக் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் இது நடக்காது. மற்ற வீட்டுக்காரர்கள் கடையில் புதுசு வாங்கியிருப்பார்கள்.

எனக்கு மட்டும் ஆபத்து என்றால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன். எங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள். ஏழு வயது. எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாள் என்பதால் சுண்டெலி என்று கூப்பிடுவோம். வெளிச்சுவரில் இருக்கும் பொத்தான் பலகையில் ரகசிய எண்ணைத் தட்டுவாள், மோட்டார் கதவைத் தூக்கும். அது முழங்கால் உயரம் ஏறுவதற்குள் குனிந்து உள்ளே வந்துவிடுவாள். விளையாடப் போகும்போது மூடுகிற பொத்தானை அழுத்திவிட்டு, இறங்குகிற கதவுக்கு அடியில் ஓடுவாள். அதை அவரிடம் எடுத்துச் சொன்னேன்.

"கீழ சென்சார் இருக்கு," என்றார் அவர். "குறுக்க ஆள் வந்தா கதவு தானா நின்னு மேல போயிடும்."

"மோட்டார் நிக்கும். ஸ்பிரிங் போனா பாரத்தை யாரு பிடிப்பா? மோட்டார் சும்மா வழிதான் காட்டும், பாரம் தூக்கறதெல்லாம் ஸ்பிரிங்தான்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

"மாத்தறேன்டி. நாளைக்கு மாத்தறேன்."

அந்த நாளை வரவே இல்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவருக்கு அப்பால் ஏதாவது 'கிரீச்' என்றால் எழுந்து போய்ப் பார்ப்பேன், வந்து உட்காருவேன், மறுபடி எழுவேன். குட்டி போட்ட பூனை தோற்றது. ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன். முன்வாசல் வழியாக வா என்று சுண்டெலியிடம் கெஞ்சினேன், அதட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"நம்ம கதவு ஒண்ணும் பண்ணாதும்மா. அப்பாவே சொன்னாரு," என்றாள்.

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. அவர் சொன்னதை ஊரே நம்புகிறது, அவள் நம்பமாட்டாளா? மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பியதும் அவருடைய ஆபீசுக்கே போன் போட்டேன். அங்கே வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் அக்கா எடுத்தார்.

"எங்க கராஜ் கதவு சரியில்லை. ஆள் அனுப்பணும்," என்று முகவரியைச் சொன்னேன்.

"இது நம்ம கதவுக்காரர் வீடாச்சே?"

"ஆமா."

"ஏம்மா, வீட்லயே மெக்கானிக்கை வெச்சுக்கிட்டு..."

"வீட்ல இருக்கறது புருஷன்க்கா. அவர்கிட்ட சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. நீங்க மெக்கானிக்கை அனுப்புங்க."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரிப்பை விட்டுவிட்டு, "மத்தியானம் அனுப்பறேன்மா," என்றார்.

மூன்று மணிக்கு மேல்தான் வேன் வந்து நின்றது. சீருடையில் இறங்கினார் என் வீட்டுக்காரர். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என் மானத்தை வாங்கணும்னே கிளம்பியிருக்கியாடி? ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்க!"

"நான் கஸ்டமர். கஸ்டமர்கிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?"

"போதும், விளையாடாத."

"நான் விளையாடல. மத்த வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவீங்களோ, அதை இங்க பண்ணுங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

வாயே திறக்க மாட்டேன் என்றதில் அவருக்கு ஆசை வந்திருக்க வேண்டும். கையுறையை மாட்டிக்கொண்டார். "சரிங்க மேடம்," என்று நீட்டி இழுத்துக் கேலியாகச் சொன்னார். "முதல்ல மோட்டாரைக் கழட்டி விடறேங்க. கதவைக் கையால இடுப்பு உயரத்துக்குத் தூக்குவேங்க. கையை எடுத்தா அது அந்த இடத்திலயே நிக்கணும். நின்னா ஸ்பிரிங் நல்லாயிருக்குன்னு அர்த்தம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தார். குனிந்து கதவைத் தூக்கினார். தூக்கும்போதே அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவ்வளவு கனத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. இடுப்பு உயரம் வந்ததும் கையை எடுத்துப் பின்னால் நகர்ந்தார்.

கதவு ஒரு நொடிகூட நிற்கவில்லை. சரிந்து, வேகமெடுத்து, தரையில் மோதியது. சுவரும் அலமாரியும் அதிர்ந்தன. என் காலுக்கு அடியிலும் அது தெரிந்தது.

அவர் ஏணியை விரித்து ஏறினார். தானே மாட்டிய ஸ்பிரிங்கை விரலால் தடவிக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நின்றார். துரு தின்ற அந்த இடத்தில் நகத்தை வைத்துக் கீறிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா மோட்டார்தான் மூச்சைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்திருக்குங்க," என்றார். குரலில் கேலி போயிருந்தது. எத்தனையோ வீடுகளில் பேசிப் பேசிப் பழகிய வேலைக் குரல் அது. "இங்க விரிசல் விட்டிருக்கு. எப்ப வேணும்னாலும் போகும். மாத்தற வரைக்கும் கதவை யாரும் தொடாதீங்க. அடியில யாரும் போகாம பாத்துக்குங்க. வீட்ல சின்னப் பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டார். கேட்டபிறகு ஏணியின் மேலிருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு வாரமாக அவரைக் குத்திக் கிழிப்பதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு மூட்டை மூட்டையாக இருந்தது. அவிழ்க்க மனசு வரவில்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

"ஒருத்தி இருக்கா," என்றேன். "ஏழு வயசு. அச்சு அசல் உங்க ஜாடை."

ஏணியிலிருந்து இறங்கினார்.

"பள்ளிக்கூடம் விட்டிருக்குமா?"

"விடற நேரம்தான்."

கையுறையைக் கழற்ற ஆரம்பித்தவர், ஒன்றைக் கழற்றியதோடு விட்டுவிட்டார். என்னைத் தாண்டி, முன்வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார். நான் பின்னாலேயே வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். நிறுத்தியிருந்த வேனை எடுக்கக்கூடத் தோன்றாமல், ஒரு கையில் உறையோடு, அவர் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.