வண்டி நிற்காத தெரு

விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமை என்றால் கூட்டம் நெரியும். வெளியூர் வேன்களை நம்பித்தான் கோயிலை ஒட்டிய தெரு பிழைத்தது. அங்கே தன் வீட்டு வாசலில் மேசை போட்டு மௌரீன் சித்ரான்னமும் மசால் வடையும் விற்றாள். பக்கத்து வீட்டு ஐரின் அவளுக்குக் கூட்டாளி.

மௌரீனின் கணவன் சில்வெஸ்டர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். ஆனால் பயணிகளோடு அவன் வேன் அந்தத் தெருவில் நின்றதே இல்லை. அவன் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. மனைவி வாசலில் நின்று சோறு விற்பது அவனுக்குத் தலைகுனிவு. இன்னொரு காரணமும் உண்டு. ஓசூர் ரோட்டில் ஒரு பெரிய ஓட்டல், ஆள் கொண்டுவரும் டிரைவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடும். பின்கட்டில் தனி அறை, தட்டு நிறைய பிரியாணி, கிளம்பும்போது ஒரு சிகரெட் பாக்கெட். டிரைவர்கள் எல்லாரும் அங்கேதான் வண்டியை விட்டார்கள். தெருவில் வியாபாரம் படுத்தது. இப்படியே போனால் பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலைக்குப் போய்விடப் போவதாக ஐரின் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போனால் மௌரீன் ஒருத்தியால் கடையை இழுக்க முடியாது.

ஒரு வியாழன் சேலத்திலிருந்து வந்த வைத்தீஸ்வரன் குடும்பத்தை சில்வெஸ்டர் அழைத்து வந்திருந்தான். கூட்டத்தைப் பார்த்துப் போலீஸ்காரர் வண்டிகளைத் திருப்பிவிட, மௌரீனின் மேசைக்கு எதிரிலேயே வேன் நிற்கும்படி ஆயிற்று. கோயிலிலிருந்து திரும்பிய வைத்தீஸ்வரனின் மனைவி வித்யாலட்சுமி, தாளித்த வாசனையில் நின்றுவிட்டாள். இங்கேயே சாப்பிடலாமா என்று டிரைவரைக் கேட்டாள்.

மௌரீன் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"இங்க வேணாம் மேடம். சுத்தம் இருக்காது, வயித்தக் கெடுத்துடும். ஹைவேல நல்ல ஓட்டல் இருக்கு." எல்லாப் பயணிகளிடமும் ஒப்பிக்கிற பாடம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

மௌரீன் கரண்டியைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை.

"அவரு சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். கல்யாணமான நாள்லேருந்து இந்தக் கை சோத்தத்தானே சாப்புடறாரு."

வித்யாலட்சுமி கூசிப்போய் வேனில் ஏறிக்கொண்டாள். அடுத்தவர் வீட்டு வழக்குக்கு நடுவே யார் தட்டை நீட்டுவார்கள்? சில்வெஸ்டர் வேனை ஓட்டலுக்கு விட்டான். அங்கே பின்கட்டு அறையில் அவன் முன்னால் பிரியாணி ஆறிக் கிடந்தது. தன் வீட்டு அடுப்பையே அசுத்தம் என்று சொன்ன வாயில் ஒரு பிடியும் இறங்கவில்லை.

அடுத்த வியாழன் அவன் தெருவுக்குள் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். இவள் தன் மனைவி, சாப்பாடு நன்றாக இருக்கும் என்று பயணிகளிடம் சொன்னான். மௌரீன் அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளை எடுத்து வைத்தாள். ஐரின் நிற்கும் இடம் காலியாக இருந்தது. திங்கட்கிழமையே அவள் ஃபேக்டரி பஸ் ஏறிவிட்டாள்.

பின்னால் இன்னொரு வேனில் வந்த டிரைவர் ஷெர்வின் தலையை நீட்டிச் சிரித்தான். "என்ன மச்சான், பொண்டாட்டி கடைக்கு ஆள் புடிக்கிறியா?"

"ஆமாண்டா. வெளியூர்க்காரங்க வந்தா நம்ம தெரு பொழைக்கணும். நாமளே அவங்கள வெளிய ஓட்டிக்கிட்டுப் போனா எப்படிப் பொழைக்கும்? ஐரின் அக்காவ ஃபேக்டரிக்கு அனுப்புனது நாமதான். என் பொண்டாட்டி சோறு விக்கிறது மானக்கேடுன்னு நெனச்சேன். அத மறைச்சதுதாண்டா மானக்கேடு. நீயும் வண்டிய நிறுத்து."