சபையில் இரண்டு கிழவிகள்

"நீ வரக் கூடாதும்மா" என்றாள் முனிஸா.

சொல்லிவிட்டு உட்காரவில்லை. காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். மஸ்தூரா அடுப்பிலிருந்து தேநீரை இறக்கினாள். விரிசல் இல்லாத கிண்ணம் ஒன்றுதான் இருந்தது. அதை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"வரேன்னு சொன்னேனா?"

"சொல்ல மாட்டே. சொல்லாம வந்து நிப்பே. எனக்கு உன்னைத் தெரியாதா?"

"தெரியுதில்ல. தேநீரைக் குடி."

முனிஸா குடிக்கவில்லை. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். ஓஷ் நகரம் முடிந்து குப்பைமேடு தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தக் குடியிருப்பு. அங்கே இருப்பவர்கள் தங்களை முகாத் என்று சொல்லிக்கொள்வார்கள். ஊரார் இளக்காரமாக லூலி என்பார்கள். மஸ்தூரா பழைய இரும்பும் பிளாஸ்டிக் பாட்டிலும் பொறுக்கி எடைக்குப் போடுபவள். மகளைச் சின்ன வயதிலேயே அரசு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டாள். மகள் படித்தாள். இன்று மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிறாள். கோட்டுப் போட்ட நாளிலிருந்து அவள் லூலி இல்லை. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தாஜிக் பெண். பெற்றோர் இல்லாதவள். மாப்பிள்ளை ஸர்தோரின் வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தாள். பெண் வீட்டாராக நிற்க மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் உண்மை தெரியாது.

"என்னை எப்படிச் சாகடிச்சே?" என்று கேட்டாள் மஸ்தூரா.

"மண்சரிவுல."

"நல்லது. இழுத்துக்கிட்டுக் கிடக்கலை."

"அம்மா, விளையாடாதே."

"நான் எங்கடி விளையாடறேன்? உன் மாமியார் எப்படி? திட்டுவாளா?"

"கரோமத் அம்மா தங்கமானவங்க. வாசல்ல யாரு வந்து நின்னாலும் ரொட்டி குடுக்காம அனுப்ப மாட்டாங்க." முனிஸா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "லூலி வந்து வாங்கிட்டுப் போனா, குடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாங்க. லூலி வீட்டுல தட்டே கிடையாதாம், துணியை விரிச்சு அதுமேல கொட்டித் தின்பாங்களாம். யாரு சொன்னான்னு கேட்டேன். டிவியில காட்டினான்னாங்க."

மஸ்தூரா அலமாரியில் அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தாள்.

டிவியில் காட்டியது உண்மைதான். புதன்கிழமைதோறும் ஒரு சிரிப்பு நிகழ்ச்சி வரும். அதில் நோதிர் என்ற நடிகன் பாவாடைக்கு மேல் பாவாடை கட்டி, முகத்தில் கரி பூசி, ஒரு பல்லுக்குத் தங்கக் காகிதம் ஒட்டிக்கொண்டு லோய் கிழவி என்ற லூலிப் பிச்சைக்காரியாக வருவான். கையில் புகையும் தகரக் குவளை, தோளில் சாக்கு. "குடு ராசாஆஆ, குடு! குடுக்காட்டி பல்லு கொட்டிப்போம்ம்ம்!" என்று மூக்கால் இழுப்பான். கோழி திருடுவான், குழந்தையைச் சாக்கில் போடுவான். நாடு சிரிக்கும். முகாத் யாரும் அப்படி இழுத்துப் பேசுவதில்லை. ஆனால் இப்போது குடியிருப்புக் குழந்தைகளே அப்படித்தான் பேசி விளையாடினார்கள்.

முனிஸா கிளம்பும்போது தாயின் கையைப் பிடித்தாள். பிடித்தபடியே, "அந்தப் பக்கமே வராதே. என் வாழ்க்கைம்மா" என்றாள்.

"சரி போ" என்றாள் மஸ்தூரா.

கல்யாணத்தன்று சாயங்காலம் அவள் பக்கத்து வீட்டு பாஷோரத்திடம் போய்ப் புகைக்குவளை கேட்டாள். பாஷோரத் சந்தையில் இசிரிக் தழையைப் புகைய விட்டு, கடை கடையாகக் கண்ணேறு கழித்துச் சில்லறை வாங்குபவள்.

"குவளையை விட்டு எத்தனை காலமாச்சு நீ! பொண்ணு பள்ளிக்கூடம் போனதும் இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணியே. இப்ப என்ன வந்துச்சு?"

"மண்டப வாசல்ல சும்மா நின்னா யாரு நீ, எதுக்கு நிக்கறேன்னு கேப்பாங்க. குவளையோட நின்னா யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க."

பாஷோரத்துக்கு விஷயம் தெரியும். குவளையோடு ஒரு பிடித் தழையும் கொடுத்தாள். "கார்ல இருந்து இறங்கறதைப் பாத்துட்டு ஓடி வந்துடு. உள்ள எட்டிப் பாக்காதே, ஆமா."

மண்டபத்துக்கு வெளியே கலர் விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. நீண்ட எக்காளங்கள் ஊதினார்கள். வண்டிகள் வந்தன. மஸ்தூரா பழைய பாவாடையும் தோள்பையுமாக மதில் ஓரமாக நின்று, தழையைப் பற்றவைத்தாள். அவள் சொன்னது சரியாகவே இருந்தது. வந்தவர்கள் புகையைத் தங்கள் பக்கம் கையால் வாரிக்கொண்டு, காசைப் போட்டுவிட்டு நடந்தார்கள். ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை.

மணப்பெண்ணின் கார் வந்தது. கதவைச் சுற்றிக் கூட்டம் அடைத்துக்கொண்டது. மஸ்தூராவுக்கு வெள்ளை உடுப்பின் ஓரம் தெரிந்தது. ஒரு காலணி தெரிந்தது. அவ்வளவுதான். கதவு மூடியது.

அப்போதே திரும்பியிருக்கலாம். மகள் முகத்தைப் பார்க்கவில்லையே என்று நின்றாள்.

சிவப்பு நாடா குத்திய ஒரு ஆள் உள்ளேயிருந்து வேகமாக வந்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா. கொஞ்சம் குடித்திருந்தான். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே தெருவைப் பார்த்தான். மஸ்தூராவைப் பார்த்ததும் ஃபோனை இறக்கினான்.

"யோவ், இங்கயா நிக்கறீங்க! எவ்வளவு நேரமா கூப்பிடறேன்! அடடா, என்ன வேஷம்யா! நிஜக் கிழவி தோத்துப்போவா!"

மஸ்தூராவுக்குப் புரியவில்லை. "விடுங்க தம்பி. நான் புகை போட வந்தவ."

"அதத்தான் சொல்றேன். உள்ள வந்து போடுங்க. ஜனம் காத்துக்கிட்டிருக்கு." தோளில் கை போட்டு இழுத்தான். அவள் பின்னால் சாய்ந்தாள். "பாருய்யா, இப்பவே ஆரம்பிச்சுட்டாரு!" என்று சிரித்தான். இன்னொருவன் வந்து மறு கையைப் பிடித்தான்.

கதவு திறந்ததும் லோய் கிழவி நிகழ்ச்சியின் பாட்டு அதிர்ந்தது. அந்தப் பாட்டைக் கேட்டபோதுதான் அவளுக்கு விளங்கியது. சபை முழுக்கத் திரும்பியது. ஃபோன்கள் உயர்ந்தன. மைக் பிடித்து விழா நடத்திக்கொண்டிருந்தவன், "வந்துட்டா, வந்துட்டா! உங்க வீட்டுக் கோழி பத்திரம்!" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது.

மைக்கை அவள் வாய்க்கு முன்னால் நீட்டினான். "பேசு கிழவி!"

அவள் பேசவில்லை. எதிரே, பூ அலங்காரத்துக்கு நடுவே, முனிஸா உட்கார்ந்திருந்தாள். முகம் முழுதாகத் தெரிந்தது. அதில் ரத்தமே இல்லை.

"என்ன கிழவி, வழியில நாக்கைத் திருடிட்டாங்களா?"

சிரிப்பு குறைந்தது. முன்வரிசை மேசையில் ஒரு பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பட்டு உடுப்பு, நல்ல முகம். கரோமத் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். "இது நோதிர் மாதிரி இல்லையே. யாரிது?" என்று பக்கத்தில் கேட்டாள். மருந்துக்கடைக்காரரின் மனைவியும் எட்டிப் பார்த்தாள். மணப்பெண்ணை ஒரு தடவை பார்த்தாள். மஸ்தூராவை மறுபடி பார்த்தாள். இருவருக்கும் ஒரே மோவாய்.

மஸ்தூரா வாயைத் திறந்தாள்.

"குடு ராசாஆஆ, குடு! குடுக்காட்டி பல்லு கொட்டிப்போம்ம்ம்!"

சபை சிரிப்பில் அதிர்ந்தது. குழந்தைகள் விளையாடும்போது கேட்டது அப்படியே வந்தது, மூக்குவரை. இடுப்பை ஒடித்து நடந்தாள். மேசை மேசையாகப் போனாள். ஒரு தட்டிலிருந்து கோழிக்காலைத் தூக்கித் தோள்பையில் போட்டாள். கைதட்டினார்கள். ஒரு கிழவர் பல்லைக் காட்டி, "ஏற்கெனவே கொட்டிடுச்சு, வேற ஏதாவது சாபம் குடு!" என்றார். எல்லாரும் நோட்டை நீட்டினார்கள். கரோமத் அம்மாவும் சிரித்துக்கொண்டே ஒன்றைப் போட்டாள். பிறகு, வேஷம்தான் என்று நினைத்தும், விரல்களைத் துணியில் துடைத்தாள். கை பழகியிருந்தது.

மணமக்கள் மேசைக்கு வந்தாள். மாப்பிள்ளை எழுந்து மரியாதையாக நோட்டைப் போட்டான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். மஸ்தூரா குவளையை மகள் தலைக்கு மேல் சுற்றினாள். அதற்கு லோய் கிழவியின் குரல் தேவைப்படவில்லை. முனிஸா கண்ணை மூடிக்கொண்டாள்.

"புகை கண்ணுல படுது, போதும்" என்று யாரோ சொன்னார்கள்.

அந்த நேரத்தில் கதவு மறுபடி திறந்தது. பாவாடை, கரி, சாக்கு, தங்கக் காகிதம். நிஜ நோதிர் வந்து நின்றான். வண்டி வழியில் நின்றுவிட்டதாம்.

சபை ஒரு நொடி திகைத்தது. சித்தப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. மைக்காரன் தொழில் தெரிந்தவன். "ஐயையோ, ரெட்டைப் பிறவி!" என்று கத்தினான். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான். "சொந்தங்களே, ஒருத்தி அசல் லூலி, ஒருத்தி போலி. எது அசல்? நீங்களே சொல்லுங்க!"

நோதிர் புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தான். பிறகு பாவாடையைச் சுழற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, மைக்காரனின் கைக்கடிகாரத்தை உருவினான். சபை எழுந்து நின்று தட்டியது. மஸ்தூராவின் முறை வந்தபோது அவள் சும்மா நின்றாள். இரண்டொருவர் தட்டினார்கள்.

"இது சுத்தப் போலி" என்றாள் கரோமத் அம்மா. "லூலிக்கு இவ்வளவு வெட்கம் ஏது?"

"தீர்ப்பை மணப்பெண் சொல்லட்டும்!" மைக்காரன் மைக்கோடு மேசைக்குப் போனான். "சொல்லும்மா மருமகளே. எது அசல்?"

முனிஸா எழுந்தாள். வழக்கப்படி நெஞ்சில் கை வைத்துச் சபைக்குக் குனிந்தாள். நிமிர்ந்தபோது தாயின் கண்ணைப் பார்த்தாள். மஸ்தூரா கண்ணாலேயே கெஞ்சினாள். அவனைக் காட்டு. அவனைக் காட்டுடி.

மகளின் கை எழுந்தது. நோதிரைக் காட்டியது.

சபை ஆரவாரித்தது. மஸ்தூரா மூச்சு விட்டாள். ஒருவன் அவளைப் பின்கதவு வழியாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

பின்முற்றத்தில் பலாவ் சோற்று அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அவள் ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நோதிர் வெளியே வந்தான். தங்கக் காகிதத்தைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு சிகரெட் பற்றவைத்தான்.

"எந்த நாடகக் குழு அக்கா?"

அவள் குவளையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. என் பிழைப்பைக் கெடுத்தீங்கன்னு சண்டைக்கு வரலை. நாலு பேரு பிழைக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க." அன்பாகத்தான் சொன்னான். "உடுப்பு சரியா இருக்கு. நடைதான் சரியில்லை. லூலி இப்படிக் கூனிக் குறுகி நிக்க மாட்டா. அவளுக்கு மானம் ஈனம் கிடையாது. அதை மனசுல வச்சு நடிக்கணும். நான் எவ்வளவு உழைச்சிருக்கேன் தெரியுமா இதுக்கு?"

"அவங்க வீட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"எதுக்கு? தெருவுல பாக்கறோமே, போதாதா?" புகையை ஊதினான். "சரி, இங்க யாரு உங்களைக் கூப்பிட்டது? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

உள்ளே பாட்டு மாறியிருந்தது. மணப்பெண் ஆடுகிறாள் என்று மைக்கில் சொன்னார்கள். அண்டாக்காரன் மூடியைத் திறந்தான், ஆவி எழுந்தது. மஸ்தூரா குவளையில் இருந்த சாம்பலைக் கீழே கொட்டினாள். அன்று காலையிலிருந்து யாரிடமும் சொல்லாத ஒன்று வாயில் நின்றது. விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நான் பொண்ணோட அம்மா" என்றாள்.

நோதிர் அவளைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிகரெட் கீழே விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"அக்கா! உள்ள சொல்லியிருந்தீங்கன்னா நான் தோத்திருப்பேன்! அழுக்குப் பாவாடையோட வந்து, நான்தான் பொண்ணோட அம்மான்னு… ஐயோ!" கண்ணைத் துடைத்தான். கரி வழிந்தது. "இந்த வசனத்தை எனக்குக் குடுத்துடுங்க. எடுத்துக்கறேன்."

பையிலிருந்து நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

புதன்கிழமை பாஷோரத் வந்து கூப்பிட்டாள். மஸ்தூரா வரவில்லை என்றாள். பாஷோரத் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அறை நிறையக் குழந்தைகள். திரையில் ஒரு கல்யாண வீடு. லோய் கிழவி கதவை உதைத்துத் திறந்தாள். மணப்பெண் வேஷம் போட்ட பெண் அலறினாள்.

"நான்தான் பொண்ணோட அம்மாஆஆ!"

திரைக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். குழந்தைகள் தரையில் புரண்டார்கள். மாப்பிள்ளை ஓடினான், சம்பந்தி மயங்கி விழுந்தாள். கிழவி மறுபடி மறுபடி அதையே சொன்னாள். பாஷோரத் சிரிப்புத் தாங்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "எங்கேருந்துதான் பிடிக்கறானோ, கட்டையில போறவன்!"

நகரத்தில் இந்நேரம் எல்லா வீட்டிலும் டிவி ஓடும். கரோமத் அம்மாவின் வீட்டில் புது மருமகள் பெரியவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்பாள். கிண்ணம் கையில் இருக்கும். சிரிப்புத் தாங்காமல் மாமியார் அவள் பக்கம் திரும்புவாள்.

"சிரிச்சுடு" என்றாள் மஸ்தூரா, டிவியைப் பார்த்து. "சிரிச்சுடுடி."

பாஷோரத் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?"