முந்நூறாவது படிவம்

முந்நூறு நோயாளிகள் இறந்த பிறகே முடிவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று, எட்டு வருடங்களுக்கு முன் அந்தப் புற்றுநோய் மருந்துச் சோதனைக்கு விதி எழுதியவள் புள்ளியியலாளர் ஹிலரிதான். அதற்குக் குறைந்தால் எந்த மருந்து மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்று வாரமாக எண்ணிக்கை இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதிலேயே நின்றது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், லீட்ஸ் நகர அலுவலகத்தில், சோதனையை நடத்தும் பேராசிரியர் டங்கன் தினமும் தேநீர்க் கோப்பையோடு அவள் மேசைக்கு வந்துவிடுவார்.

“என்ன ஹிலரி, இன்னும் ஒண்ணு விழலையா? மாநாட்டுக்கு முடிவை எழுதி அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். நம்ம யார்க்‌ஷயர்காரங்க சாகறதுக்கும் சோம்பேறிங்கப்பா!”

“மழை விடட்டும்னு பாக்கறாங்க” என்று அவளும் சிரித்திருக்கிறாள்.

புதன்கிழமை ஓர் இறப்புப் படிவம் அவள் திரைக்கு வந்தது. அதில் பெயர் இருக்காது. பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டும்தான். அந்தப் பிறந்த தேதி அவளுக்குத் தெரிந்த தேதி. போன மாதம் அதே நாளில், பக்கத்து மேசை மோய்ராவின் கணவருக்கு அறுபது ஆனதென்று எல்லோரும் கேக் தின்றார்கள். ஹிலரி சொல்லித்தான் அவர் இந்தச் சோதனையில் சேர்ந்தார். இரண்டு நாளாக மோய்ராவின் நாற்காலி காலியாக இருந்தது.

டங்கன் எட்டிப் பார்த்தார். “அப்பாடா, வந்துடுச்சா?”

ஹிலரி திரையில் எண்ணிக்கையை முந்நூறு என்று மாற்றினாள்.

“வந்துடுச்சு” என்றாள்.