சுண்ணாம்புக் கோடு

வாசல் கேட்டுக்குக் குறுக்கே பிரீனா சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டு போனாள். நேற்றைய கோடு மழையில் கரைந்திருந்தது. முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் அப்பா ஜெயசிங் படுத்திருந்தார்.

"எனக்க அண்ணன் செத்துக் கெடக்காரு. நீ இஞ்ச கோலம் போடுதியா?" என்றார் ஷாஜன் சித்தப்பா. மார்த்தாண்டத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். செய்தி கேட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

பிரீனா நிமிரவில்லை. "அப்பா போட்ட கோடாக்கும் சித்தப்பா."

மாநில எல்லைக்கு அப்பால் பன்றிக் காய்ச்சல் வந்திருந்தது. மனிதருக்கு வருகிற பன்றிக் காய்ச்சல் வேறு; இது மனிதரை ஒன்றும் செய்யாது. பன்றிக்கு வந்தாலோ மருந்து கிடையாது. மிச்சமிருக்கிற அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டும். செருப்பில் ஒட்டிய சேறு போதும், அடுத்த பண்ணைக்குப் போய்விடும். அதனால்தான் அருமனைப் பக்கத்திலும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலுமாக இருபத்தாறு பண்ணைக்காரர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி, ஜெயசிங் கட்டுப்பாடு கொண்டுவந்தார். நாற்பது நாளைக்குப் பன்றி விற்பதில்லை, வாங்குவதில்லை. ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் தீனியாகப் போடுவதில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு பண்ணைக்காரன் இன்னொருவன் வாசலை மிதிப்பதில்லை. கல்யாணமானாலும் சாவானாலும் என்று சேர்க்கச் சொன்னதும் அவர்தான். "செத்தவன் என்ன, கோவிச்சுக்கிடவா போறான்?" என்று அவர் கேட்டபோது மண்டபமே சிரித்தது.

இன்று முப்பத்தோராவது நாள்.

விடியற்காலையில் கட்டன்சாயா குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அறுபத்துமூன்று வயது. அதற்குச் சற்று முன்புதான் பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், பதினோரு நாளாக எங்கும் புதிதாக நோய் இல்லை என்று பேசிப் போட்டிருந்தார். நல்ல தெளிவான, சந்தோஷமான குரல்.

சித்தப்பாவின் கவலை வேறு. முப்பது வருஷம் யார் கொட்டகையில் எது சுருண்டு படுத்தாலும் ஓடிய மனுஷன். அவர் சாவுக்குப் பன்றிக்காரர் ஒருத்தர்கூட இல்லை என்றால் ஊர் என்ன பேசும்? பிரீனாவிடம் சொல்லாமலே அவர் பண்ணைக்காரர் கிருஷ்ணமணிக்குப் போன் செய்து, இன்றைக்குக் கட்டுப்பாடெல்லாம் இல்லை, வாரும் என்று சொல்லிவிட்டார்.

பத்து மணிக்கு கிருஷ்ணமணி மாலையோடு வந்து ரோட்டில் நின்றார். ஒன்றரை மாதத்துக்கு முன்பு எல்லைக்கு அந்தப் பக்கம் முதலில் காய்ச்சல் வந்தது அவருடைய பண்ணையில்தான். யாருக்கும் தெரியாமல் விற்றுத் தள்ள நினைத்தவரிடம் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பேசி, அரசாங்க மாட்டு டாக்டரிடம் சொல்ல வைத்தவர் ஜெயசிங். அறுபத்திரண்டு பன்றிகள் குழிக்குள் போயின. கொட்டகை சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லும் நாளில் ஆளுக்கொரு குட்டி கொடுப்பதாக மற்ற இருபத்தைந்து பேரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

சித்தப்பா கேட்டை விரியத் திறந்தார். "கேறி வாரும். உமக்குத்தான் இப்ப பன்னியே இல்லியே."

பாத்திரக் கடைக்காரருக்கு அவ்வளவுதான் தெரியும். பன்றிகள் செத்த கொட்டகையில் கிருமி மாதக்கணக்கில் இருக்கும்.

பிரீனா ஓடிவந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். பின்னால் கொட்டகையில் நாற்பத்தெட்டு பன்றிகள். எதிரே அப்பாவின் உயிர் சிநேகிதர்.

"மாமா, அஞ்சயே நில்லுங்க."

கிருஷ்ணமணி அவளைப் பார்த்தார். சித்தப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். கிருஷ்ணமணி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"நீ கேறுங்கன்னு சொல்லியிருந்தா நான் திரும்பிப் போயிருப்பேன் மக்கா," என்றார். "மொகத்த ஒருக்கா பாக்கணும். வேற ஒண்ணும் இல்ல."

அவர் மட்டுமில்லை. பகல் ஏற ஏற, யாரும் கூப்பிடாமலே மற்றவர்களும் வந்தார்கள். குளித்து, சலவை வேட்டியும் புதுச் செருப்புமாக வந்து, பைக்குகளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரப்பர் மரங்களின் கீழே நின்றார்கள். ஒருவரும் கேட்டுப் பக்கம் வரவில்லை.

பிரீனா உள்ளே போய் அம்மா ஷெர்லியின் அருகே உட்கார்ந்தாள். போதகர் வந்ததும் அப்பாவை வெளியே கொண்டுபோய், அங்கே வைத்து ஜெபித்தால் என்ன என்று கேட்டாள்.

சித்தப்பா துள்ளினார். வீட்டு முற்றத்தில் ஜெபித்து எடுப்பதுதான் முறை, தெருவில் கிடத்துவதற்கு அவர் என்ன அனாதையா என்றார்.

அம்மா கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "அவரு வீட்டுல இருந்ததவிட ரோட்டுல நிண்ணதுதான் கூட," என்றாள். "கொண்டு போங்க."

மூன்று மணிக்கு வீட்டு ஆட்கள் சவப்பெட்டியைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய், ரோட்டோரம் போட்டிருந்த இரண்டு பெஞ்சுகளின் மேல் வைத்தார்கள். பண்ணைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து பார்த்தார்கள். கிருஷ்ணமணி மாலையைப் போட்டுவிட்டு, சட்டைக் காலரை ஒருமுறை சரி செய்தார்.

"கூட்டத்துக்கு ஒருநாளும் நேரத்துக்கு வராதவன் எல்லாம் இண்ணைக்கு முன்னாலயே வந்து நிக்கான். அண்ணன் இதப் பாக்கலியே," என்றார் டெனிஷ் என்ற பண்ணைக்காரர். அம்மாவுக்கே சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

சித்தப்பா மட்டும் கிருஷ்ணமணியின் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடித்ததும், மூக்குக் கண்ணாடியை எடுத்துவர வீட்டைப் பார்த்து நடந்தார்.

"சித்தப்பா," என்றாள் பிரீனா. "இனி குளிக்காம கேறப்பிடாது."

தூக்கிய கால் அப்படியே நின்றது. அத்தனை பேரும் பார்த்தார்கள். சித்தப்பா கோட்டைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார், காலை மெல்லப் பின்னால் வைத்தார். "அண்ணனுக்க மவதான்," என்றார். கண்ணாடி இல்லாமலே, டெனிஷின் கையைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டம் வரை நடந்தார். பெட்டியைத் தூக்க ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். இரண்டாவது தடவை தோள் கொடுக்கக் கேட்டவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் பண்ணைக்காரர்கள் அவரவர் வழியே போனார்கள். பிரீனா கேட்டுப் பக்கத்துக் குளியலறையில் தலையோடு தண்ணீர் ஊற்றி, துணியை மாற்றி, ஈரத் தலையோடு கொட்டகைக்கு நடந்தாள். காலையிலிருந்து தீனி காணாத பன்றிகள் அவளைக் கண்டதும் தடுப்பில் முட்டிக்கொண்டு கத்தின. காது அடைத்தது.

வாளியை நிறைத்துவிட்டுத் திரும்பியபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. கிருஷ்ணமணி அதில் சாய்ந்து நின்றார்.

"மாமா, போகலியா?" என்று சத்தம் போட்டுக் கேட்டாள்.

"நீ தீனியப் போடு மக்கா. இந்தச் சத்தம் கேட்டு நாளாச்சு. கொஞ்சம் கேட்டுட்டுப் போறேன்."

பிரீனா வாளியைச் சாய்த்தாள். கத்தல் ஒவ்வொரு தொட்டியாகக் குறைந்து, கடைசியில் சளக் சளக்கென்று தின்னும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அது நெடுநேரம் கேட்டது. அப்புறம்தான் ஸ்கூட்டர் கிளம்பியது.